வாரியத்தில் எல்லாரும் நம்மவர்கள்

அமெரிக்காவில் லாபநோக்கற்ற அமைப்புகளுக்கு ஆடிட் செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சர்ச், உணவு வங்கி, முதியோர் இல்லம் என்று போகிற கிளையன்ட் பட்டியலில் ஒரு டிரம் கோரும் உண்டு. எங்கள் அலுவலகத்தில் யாரும் விரும்பி எடுக்காத கணக்கு அது. எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

டிரம் கோர் என்றால் ஏதோ பள்ளி பேண்டு என்று நினைத்துவிட வேண்டாம். கல்லூரி வயதுப் பிள்ளைகள் 150 பேருக்கு மேல், பித்தளை ஊதுகருவிகளும் டிரம்களும் கொடிகளுமாக அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் அணிவகுத்தபடியே வாசிப்பார்கள். கோடை முழுக்க ஊர் ஊராகப் போட்டி. ஆகஸ்டில் இறுதிச் சுற்று, இண்டியானாபொலிஸ் லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில். இரவில் பஸ் பயணம், பகலில் ஏதாவது ஒரு பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தின் தரையில் தூக்கம், கூடவே வரும் சமையல் லாரியில் நாளுக்கு நான்கு வேளைச் சாப்பாடு. இதற்குப் பிள்ளைகளுக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. அவர்கள்தான் கட்டணம் கட்டிச் சேர்கிறார்கள். பெரிய கோர்களில் ஒரு கோடைக்கு 4,000 டாலருக்கு மேல். அதுவும் போதாமல் நன்கொடை, பிங்கோ, டிஷர்ட் விற்பனை என்று ஒட்டுப்போட்டுத்தான் வண்டி ஓடுகிறது.

இந்தக் கணக்கைக் கையில் எடுத்தால் நான் முதலில் பார்ப்பது லாப நஷ்டத்தை அல்ல; இரண்டே எண்களை. ஆண்டு முடிவில் வங்கியில் எவ்வளவு இருக்கிறது, அடுத்த கோடைக்காக முன்கூட்டி வாங்கிய கட்டணம் எவ்வளவு. கட்டணம் குளிர்காலத்தில் தவணை தவணையாக வருகிறது, செலவு ஜூன், ஜூலையில் கொட்டுகிறது. நடுவில் அந்தப் பணம் கோருக்குச் சொந்தமில்லை, பிள்ளைகளுக்குத் தரவேண்டிய கடன். வங்கி இருப்பு அதைவிடக் குறைவாக இருந்தால், இன்னும் நடக்காத கோடையின் பணம் எங்கேயோ போய்விட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் போன ஆகஸ்டின் பஸ் பில்லுக்குப் போயிருக்கும். நவம்பரில் புதுப் பிள்ளைகள் கட்டும் முன்பணத்தில் பழைய டீசல் கடன் அடைகிறது. ஓரிரு ஆண்டு இப்படி ஓட்டலாம். சேரும் பிள்ளைகள் எண்ணிக்கை ஓர் ஆண்டு குறைந்தாலோ டீசல் விலை ஏறினாலோ அதோடு கதை முடிந்தது.

பெரிய பெயர்களுக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. சான்டா கிளாரா வேன்கார்ட் 1967-ல் தொடங்கிய கோர், 2018-ல் சாம்பியன். அவர்களே பண நெருக்கடியால் 2023 சீசனுக்கு வரவில்லை. மறு ஆண்டு திரும்பி வந்தார்கள் என்பது வேறு விஷயம்.

எங்கள் கிளையன்டிடம் திருட்டு எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருந்தது வேறு. டூரில் டிஷர்ட் விற்கும் டிரெய்லர் ஒன்று கூடவே போகும். கார்டு வந்தபிறகும் ரொக்கம் நின்றபாடில்லை. ஒவ்வொரு போட்டி இரவும் முடிந்ததும் ஒரு பெற்றோர், பெரும்பாலும் ஓர் அம்மா, டிரெய்லருக்குள் உட்கார்ந்து பணத்தை எண்ணி, ஒரு பழுப்பு உறையில் போட்டு, மேலே ஊர் பெயரும் தொகையும் எழுதி ஒட்டுவார். உறைகள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சேரும். வங்கிக்குப் போவது எந்த ஊரில் நேரம் கிடைக்கிறதோ அப்போது. உறை மேல் ஒரே கையெழுத்து. எத்தனை டிஷர்ட் ஏற்றினோம், எத்தனை மிச்சம் என்ற கணக்கு சீசன் முடிவில்தான் எடுக்கிறார்கள். அந்த அம்மா நூறு சதவீதம் நேர்மையானவராக இருக்கலாம், அப்படித்தான் என்று நானும் நம்புகிறேன். ஆனால் ஒரு நாள் யாராவது அவர்மேல் விரல் நீட்டினால், அவரைக் காப்பாற்ற அந்த உறையில் ஒன்றுமில்லை. இரண்டாவது கையெழுத்து எதற்கு என்று கேட்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன். சந்தேகம் என்று சொன்னால் முகம் சுளிப்பார்கள். இப்படிச் சொன்னால் சரி என்பார்கள்.

இன்னொன்று, நிதி திரட்டும் பிள்ளைக்குத் தனிக்கணக்கு வைப்பது. யார் அதிகச் சாக்லேட் விற்கிறாரோ அவர் கட்டணத்தில் அந்த அளவு கழிவு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வரிவிலக்குள்ள அமைப்பு திரட்டும் பணம் பொதுவுக்குப் போக வேண்டும், விற்றவர் வீட்டுக்குத் திரும்பக் கூடாது. வர்ஜீனியாவில் கேபிடல் ஜிம்னாஸ்டிக்ஸ் என்ற பெற்றோர் சங்கம் இப்படிப் புள்ளிக் கணக்கு வைத்ததால் வரிவிலக்கை இழந்தது. 2013-ல் வரி நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. இதைச் சொன்னபோது அறையில் நிலவிய அமைதியைப் பார்த்து, இங்கேயும் ஒரு எக்செல் ஷீட் எங்கோ இருக்கிறது என்று புரிந்துகொண்டேன். இருந்தது.

இதெல்லாம் சரிசெய்யக்கூடியவை. சரிசெய்யக் கஷ்டமானது, கோரை மேற்பார்வை பார்க்கும் வாரியம்.

ஐஆர்எஸ் என்ற அமெரிக்க வரித்துறைக்கு ஆண்டுதோறும் தரும் 990 படிவத்தில் ஆறாம் பகுதி நிர்வாகம் பற்றியது. வாக்குரிமை உள்ளவர்கள் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் சுதந்திரமானவர்கள் என்று கேட்கும். சொத்து பெரிய அளவில் திசைமாறிப்போனது இந்த ஆண்டு தெரியவந்ததா என்றுகூட ஒரு கேள்வி உண்டு. சம்பளம் வாங்கவில்லை, ஒப்பந்த வேலைக்கு 10,000 டாலருக்கு மேல் வாங்கவில்லை, தனக்கோ குடும்பத்துக்கோ குறிப்பிட்ட வகைக் கொடுக்கல் வாங்கல் இல்லை என்றால் அவர் சுதந்திரமானவர். அந்தக் கணக்கில் எங்கள் கிளையன்டின் வாரியம் முழுக்கவே சுதந்திரம். நிஜத்தில்? பாதிப் பேர் அதே கோரில் வாசித்தவர்கள், மீதிப் பேரின் பிள்ளைகள் இப்போது வாசிக்கிறார்கள். பதினெட்டு வயதில் தன்னை வெயிலில் நிறுத்தி வேலைவாங்கி ஆளாக்கிய இயக்குநரிடம், நாற்பது வயதில் போய்க் கிரெடிட் கார்டு ரசீது கேட்க வேண்டும். "அவரிடமா? ரசீதா?" என்று ஒருவர் என்னிடமே கேட்டார். கோபமில்லை, நிஜமான திகைப்பு. இன்னொருவர், மகனுக்கு அடுத்த ஆண்டும் இடம் வேண்டும் என்பதால் வாய் திறக்கவில்லை. அவர் அப்படிச் சொல்லவில்லை, என் ஊகம்தான். படிவத்தில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது.

பணத்தில் தொடங்கும் இந்தக் கூச்சம் பணத்தோடு நிற்பதில்லை. 1934-ல் தொடங்கிய கேடட்ஸ் என்ற கோர், பத்து முறை சாம்பியன். 2018 ஏப்ரலில், ஒன்பது பெண்களின் பாலியல் தொல்லைப் புகார்கள் பத்திரிகையில் வந்ததும் அதன் நெடுநாள் இயக்குநர் விலகினார். அவரைக் கேள்வி கேட்டிருக்க வேண்டிய வாரியமும் தொடர்ந்து விலகியது. 2024 ஜனவரியில், 1980-களின் துன்புறுத்தல் பற்றிய ஒரு வழக்கின் சுமையைக் காரணம் சொல்லிக் கோரையே மூடிவிட்டார்கள். போட்டிகளை நடத்தும் டிரம் கோர் இன்டர்நேஷனல் இருக்கிறதே, அது பார்க்காதா என்று கேட்கலாம். அதுவே கோர் இயக்குநர்கள் சேர்ந்து தொடங்கிய அமைப்பு. முதல் சாம்பியன்ஷிப் 1972-ல். வருமானத்திலும் நிர்வாகத்திலும் தங்களுக்குக் கூடுதல் பிடி வேண்டும் என்று 2010-ல் ஏழு கோர்கள் கிளம்பியது தனிக்கதை. பங்காளிகள் கூடி நடத்தும் சபையிடம் பங்காளியைக் கண்டிக்கச் சொல்வதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

எங்கள் பரிந்துரைக் கடிதத்தில் மூன்று விஷயம் எழுதினோம். ரொக்க உறைக்கு இரண்டு கையெழுத்து; இயக்குநரின் கார்டு பில்லைப் பொருளாளர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்; டூர் காலத்தில் வாராவாரம் வங்கி இருப்பு வாரியத்துக்குப் போக வேண்டும். முதல் இரண்டுக்கு ஒத்துக்கொண்டார்கள். மூன்றாவதற்கு இயக்குநர், "ஜூலையில் நான் பஸ்ஸில் தூங்குகிறேன், எண்ணை எங்கே தேடுவேன்?" என்றார். நியாயமான புகார்தான். அந்த வேலையை அலுவலகத்தில் இருக்கும் கணக்காளரிடம் மாற்றினோம். கார்டு பில்லைப் பார்த்தால் எல்லாம் இரவு இரண்டு மணி வால்மார்ட்: ஐஸ், தண்ணீர், சன்ஸ்கிரீன், ஒருமுறை நாற்பது ஜோடி சாக்ஸ்.

போன ஆண்டு வாரியத்தில் ஒரு புதியவர் சேர்ந்தார். வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற பெண்மணி. டிரம் கோர் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். முதல் கூட்டத்திலேயே, "நல்ல நிலையில் இருக்கும் கருவிகளை ஏன் ஆண்டுதோறும் விற்கிறோம்?" என்று கேட்டார். மற்றவர்கள் இதுகூடத் தெரியாதா என்பதுபோல் சிரித்தார்கள். தயாரிப்பாளரிடம் சலுகை விலையில் வாங்கி, ஒரு சீசன் வாசித்து, பள்ளிகளுக்கு விற்று அந்தப் பணத்தில் அடுத்த செட் எடுப்பதுதான் வழக்கம் என்று இயக்குநர் பொறுமையாக விளக்கினார். "சரி, அந்த ஒப்பந்தத்தைக் காட்டுங்கள்" என்றார் அந்தப் பெண்மணி. சலுகை எவ்வளவு, விற்ற விலையை யார் முடிவுசெய்கிறார்கள், வாங்கியவர்களில் வாரியத்தின் உறவினர் உண்டா என்று அடுத்தடுத்துக் கேட்க, கூட்டம் பதினோரு மணி வரை நீண்டது. ஒப்பந்தம் இயக்குநரின் இமெயிலில் எங்கேயோ இருந்தது. பொருளாளரிடம் நகல் இல்லை. அடுத்த கூட்டத்துக்குள் அனுப்பிவிடுவதாக இயக்குநர் சொல்லியிருக்கிறார். எனக்கும் ஒரு பிரதி கேட்டு வைத்திருக்கிறேன்.