சட்டைவா என்றால் விதைத்தது

ஜூன் 3
நெல்லின் அறிவியல் பெயர் ஒரைசா சட்டைவா என்று பள்ளியிலேயே மனப்பாடம் செய்திருப்போம். இரண்டாவது சொல் லத்தீன் பெயரடை. 'செரெரே' என்றால் விதைத்தல். 'சதுஸ்' என்றால் விதைக்கப்பட்ட. அதோடு 'ஈவுஸ்' விகுதி சேர்ந்து 'சதீவுஸ்'. 'சட்டைவா' ஆங்கிலேயர் வாய்வழி நமக்கு வந்த ஒலி. ரோமானியர் 'சதீவா' என்பதற்கு நெருக்கமாகச் சொல்லியிருப்பார்கள்.

ஜூன் 4
அகராதியில் 'செரோ' இரண்டு உண்டு, கவனம். ஒன்று விதைக்கிறேன், மற்றது கோக்கிறேன். இறந்தகாலத்தில்தான் பிரிகின்றன: விதைத்தேன் 'சேவி', கோத்தேன் 'செருயி'. தொடர் என்னும் ஆங்கிலச் சீரீஸ் பிறந்தது கோப்பதிலிருந்து. விதைப்பு என்னும் 'சதியோ' பிரெஞ்சு வழியாகச் சீசன் ஆனது. 'சதிஸ்' (போதும்) வேறு வேர். வயிற்றை நிறைப்பதால் சட்டைவா என்பது கட்டுக்கதை.

ஜூன் 8
அதிகம் தவறுவது ஈற்றில். நமக்கு நல்ல பையன், நல்ல பெண், நல்ல மரம், 'நல்ல' அசையாது. லத்தீன் பெயரடையோ நல்லன், நல்லள், நல்லது போலப் பேரினத்தின் (பெயரின் முதற்சொல்) பாலுக்கு ஏற்ப மாறும். முள்ளங்கி ஆண்பால்: ரஃபேனஸ் சட்டைவஸ். கருஞ்சீரகம் பெண்பால்: நைஜெல்லா சட்டைவா. பூண்டும் கொத்தமல்லியும் அலிப்பால் (ஆணும் பெண்ணும் அல்லாதது): அல்லியம் சட்டைவம், கோரியாண்ட்ரம் சட்டைவம்.

ஓசையை மட்டும் நம்பினால் சறுக்கும். வெள்ளரியின் பேரினம் 'குக்குமிஸ்' ஆண்பால், ஆகவே சட்டைவஸ். மரங்கள் இன்னும் மோசம்: ஓக்கின் 'குவர்க்கஸ்' ஆண்பால் போல ஒலித்தாலும் பெண்பால், அதனால்தான் குவர்க்கஸ் ஆல்பா, ஆல்பஸ் அல்ல.

ஜூன் 12
பண்டை ரோமானிய எழுத்தாளர் பிளினி 'சதீவுஸ்' என்பதைக் காட்டுவகையைக் குறிக்கும் 'சில்வெஸ்திரிஸ்' என்பதற்கு எதிராக ஆள்கிறார். பயிரிட்டது, தானாக முளைக்காதது என்பதே கருத்து. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் பெயர் சூட்டியபோதும் அந்தப் பொருள்தான். இல்லாவிட்டால் குங்குமப்பூவுக்குக் குரோக்கஸ் சட்டைவஸ் பொருந்தவே பொருந்தாது. அது மும்மடியம், 8 குரோமோசோம் கொண்ட தொகுதி மூன்று, மொத்தம் 24. இனப்பெருக்கச் செல் உருவாகும்போது மூன்றை இரண்டாகப் பங்கிட முடியாததால் விதை பிடிப்பதில்லை. காஷ்மீரின் பாம்போரில் ஊன்றுவது கிழங்கைத்தான். பூண்டிலும் நாம் நடுவது பல்லை. 'விதைத்தது' என்று பெயர் வாங்கிய இரண்டுக்கும் வயலில் விதைப்பே கிடையாது!

ஜூன் 15
பட்டாணி பைசம் சட்டைவம். அதை லத்தைரஸ் பேரினத்தில் சேர்ப்பவர்கள் உண்டு. பேரினம் ஆண்பால், ஈற்றை மாற்றி லத்தைரஸ் சட்டைவஸ் என்று எழுதிவிடலாமா? முடியாது. அந்தப் பெயரைக் கேசரிப் பருப்பு 1753லேயே எடுத்துக்கொண்டது. ஆகவே அங்கே பட்டாணிக்கு லத்தைரஸ் ஒலராசியஸ். முட்டைக்கோசின் பிராசிக்கா ஒலராசியாவில் இருப்பதும் இதே பெயரடைதான். காய்கறித் தோட்டத்துக்குரியது என்று பொருள்.