பெட்டி மாமாவின் கால் ஆர்மோனியம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஆர்மோனியம் வாசித்தவரை நாங்கள் எல்லாரும் பெட்டி மாமா என்றே அழைத்தோம். விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், வெயில் ஏறும்வரை ரப்பர் மரத்தில் பால் வெட்டித் திரும்பும் அவர், மாலையானால் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் ஒரு பழைய கால் ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்துவிடுவார். தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த நாடகக் குழு ஒன்று இங்கே கலைந்தபோது தம் தந்தை அதை வாங்கியதாகச் சொல்வார். மிதிகட்டை துருத்தியை இயக்குவதால் இரண்டு கைகளும் வாசிப்புக்குக் கிடைக்கும். நாடக மேடைக்காரர்கள் அதை விரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

பாட வரும் பிள்ளைகளிடம் அவர் முதலில் ஒரு விடுகதை போடுவார்: “மூன்றரைக் கட்டையில் பாடு பார்க்கலாம்.” நாங்கள் முழிப்போம். நம் பாட்டுக்காரர்கள் சுருதியைச் சொல்வதே இந்தப் பெட்டியின் கட்டைகளை எண்ணித்தான். வெள்ளைக் கட்டைகளுக்கு முழு எண், இடையிலுள்ள கறுப்புக்கு அரை. மூன்றாவது வெள்ளைக்கும் நான்காவதற்கும் நடுவில் கறுப்புக் கட்டையே இல்லாததால் மூன்றரை என்று ஒன்று கிடையாது. அதைக் கண்டுபிடித்த பிள்ளைக்கு ஒரு பாட்டு வாசிப்பார். எனக்கு அது பிடிபட இரண்டு வாரம் ஆயிற்று.

ஆர்மோனியத்தின் மேல் சங்கீத உலகத்துக்கு இருந்த கோபத்தையும் அவர் வழியாகவே அறிந்தேன். 1940 மார்ச் 1 முதல் அகில இந்திய வானொலி இந்தக் கருவியை ஒலிபரப்பிலிருந்து விலக்கிவைத்தது. 1971 வரை அந்தத் தடை நீடித்தது. சுரங்கள் கட்டைக்குக் கட்டை நிலையாக நிற்பதால் சுரத்தைக் குழைத்து அசைக்கும் கமகம் வராது என்பது முக்கியக் குற்றச்சாட்டு. மாமா அதை மறுத்ததே இல்லை. இதற்குக் குழையத் தெரியாதுதான், ஆனால் பாட்டு வாத்தியார் எட்டிப் பார்க்காத தோட்டத்தில் குழையாத ஒன்று பக்கத்தில் இருந்தால்தானே பிள்ளைக்குத் தான் விலகியது தெரியும் என்பார். வானொலிக்காரர்களைவிட அவர் சொன்னதுதான் சரி என்று இன்றும் நினைக்கிறேன். எனக்குப் பாரபட்சம் உண்டு என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

அந்தப் பெட்டிக்குள் இருந்தவை பாரிஸ் நாக்குகள்; காற்றில் அதிர்ந்து சுரம் எழுப்பும் மெல்லிய பித்தளைத் தகடுகள். 1840களில் அலெக்சாந்தர் தெபேன் ஆர்மோனியத்துக்குக் காப்புரிமை பெற்றதும் அதே நகரத்தில்தான். இன்று குஜராத்தின் பாலித்தானாவில் நாக்குகள் செய்கிறார்கள் என்றாலும், பழைய பாரிஸ், ஜெர்மன் நாக்குகளைத் தேடி அலைபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எங்கள் ஊர் ஈரத்தில் பித்தளை பச்சை பூத்து, சுரம் நகர்ந்துவிடும். அப்போது மாமா மூடியைக் கழற்றி, நாக்கின் கீழே ஒரு சவர பிளேடைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, மெல்லிய ஊசி அரத்தால் சுரண்டுவார். நுனியில் சுரண்டினால் சுரம் ஏறும். அடியில் சுரண்டினால் இறங்கும். இரண்டு இழுப்பு, ஊதிவிடுதல், மிதித்துக் கேட்டல், மறுபடி ஓர் இழுப்பு. மரத்தின் சதையில் கத்தி படாமல் பட்டையை மட்டும் சீவிச் சீவிப் பழகிய கை அது. அந்த வேலையில் அவர் மூச்சுவிடும் விதம்கூட பால் வெட்டும்போது விடுவதைப் போலவே இருக்கும்.

தோட்டம் செம்பனைக்கு மாறி, லயங்கள் காலியாகி, கோயில் திருவிழாவுக்கு வாடகைக் கீபோர்டு வரத் தொடங்கியபின் அவரை யாரும் கூப்பிடவில்லை. அதைப் பற்றி அவர் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. பெட்டி வைத்திருந்த அலமாரிக்குள் ஈரம் ஏறாமலிருக்க ஒரு சிறிய மின்குமிழை இரவும் பகலும் எரியவிட்டிருந்தார். மின்கட்டணத்துக்காக அத்தையிடம் வாங்கிய திட்டுதான் அந்த வருடங்களில் அவர் வீட்டில் கேட்ட பெரிய சத்தம்.

அவர் மறைந்தபின் பெட்டி என்னிடம் வந்தது. சென்ற மழைக்காலம் முடிந்து திறந்து மிதித்தபோது மேல் ஷட்ஜம், அதாவது மேல் ‘ஸ’, மட்டும் பேசவில்லை. மூடியின் உட்புறத்தில், பழைய சம்பளச் சீட்டிலிருந்து விரலகலத்துக்கு வெட்டிய ஒரு காகிதத் துண்டைச் செருகி வைத்திருந்தார். அதை நாக்குக்கு அடியில் நுழைத்து மெல்ல இழுத்ததும், ஈசல் இறகு ஒன்று வெளியே வந்தது. மறுபடி மிதித்தேன். ஷட்ஜம் ஒலித்தது, இம்மியளவு ஏறி. கண் மங்கிய கடைசி வருடங்களில் நுனியில் ஓர் இழுப்பு கூடுதலாக இழுத்துவிட்டார் போலும். நான் அதைத் தொடவில்லை.