சொட்டு நீலம் கூடிய திரை

கும்பகோணத்தில் பெரியப்பா வீட்டுக் கூடத்துக்கு 43 அங்குலத் தொலைக்காட்சி வந்து பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. எச்.டி. சேனல்களுக்கென்று மாதந்தோறும் தனியாகப் பணமும் கட்டி வந்தார். பொங்கலுக்குப் போயிருந்தபோது திரைக்குப் பின்னால் கைபேசி விளக்கை அடித்துப் பார்த்தேன். செட்டாப் பாக்ஸிலிருந்து வந்து செருகியிருந்தது மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று நுனி கொண்ட பழைய ஒயர். முன்பிருந்த டப்பா டிவிக்காகச் சுவருக்குள் குழாய் பதித்து இழுத்த ஒயர் அது. புதியதை மாட்ட வந்தவர், இருந்ததை எடுத்துச் செருகி, படம் வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். படம் வந்தது, ஆகவே யாரும் எதுவும் கேட்கவில்லை. பதினான்கு மாதங்களாக இது ஒருவர் கண்ணிலும் படாமல் போனது எப்படி என்பதுதான் எனக்கு வியப்பாக இருந்தது. அதற்கான காரணம் மறுநாள்தான் பிடிபட்டது.

அந்த மூன்று நுனிகளில் சிவப்பும் வெள்ளையும் ஒலிக்கு. படம் முழுவதும் மஞ்சள் நுனி ஒன்றின் வழியாகத்தான் வந்தாக வேண்டும். வெளிச்சத்தின் அளவும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து வருவதால், தொலைக்காட்சி அவற்றை மறுபடி பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பிரிப்பு முழுச் சுத்தமாக நடப்பதில்லை. செய்தி வாசிப்பவர் பொடிக்கட்டச் சட்டை அணிந்து வந்தால் கட்டங்களின் மேல் வானவில் நிறங்கள் ஊர்வது இதனால்தான். போதாததற்கு, நம் நாட்டு முறைப்படி அந்த ஒயரில் வரக்கூடிய படம் 576 கோடுகள்தான். கோட்டுக்கு 720 புள்ளிகள் என்று கணக்கிட்டால் மொத்தம் 4,14,720 புள்ளிகள். பெரியப்பா வாங்கியிருந்த திரையில் இருப்பவையோ 1920க்கு 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். சரியாக ஐந்தில் ஒரு பங்கு. மீதி நான்கு பங்கையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துத் தொலைக்காட்சியே ஊகித்து நிரப்பிக்கொண்டிருந்தது.

கடைத்தெருவுக்குப் போய், படத்தையும் ஒலியையும் ஒன்றாகவே கொண்டுவரும் எச்.டி.எம்.ஐ. கேபிள் ஒன்று வாங்கி வந்தேன். தங்க முலாம் பூசியது, படம் இன்னும் பளிச்சென்று வரும் என்று கடைக்காரர் நான்கு மடங்கு விலையில் ஒன்றை எடுத்துக் காட்டினார். இந்தக் கேபிளில் போவது வெறும் எண்கள். அவை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் படம் முழுதாக வரும்; சேராவிட்டால் திரையில் வெள்ளைப் பொறிகள் பறக்கும், அல்லது படம் விட்டுவிட்டு வரும். நிறம் சற்றுக் கூடுவது, கூர்மை சற்றுக் குறைவது என்ற இடைநிலை இதில் கிடையாது. நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட 4கே, வெளிச்ச வேறுபாட்டைக் கூடுதலாகக் காட்டும் எச்.டி.ஆர். என்று போகிறவர்கள் நொடிக்கு 18 கிகாபிட் தாங்கும் கேபிளா என்று பார்த்து வாங்க வேண்டும். பத்து மீட்டருக்கு மேல் இழுப்பதானாலும் யோசிக்க வேண்டும். 1080 கோடுகளுக்கு, ஒன்றரை மீட்டர் தூரத்துக்கு, சாதாரணக் கேபிள் தாராளமாகப் போதும்.

கேபிளை மாற்றியும் பெரிய மாற்றம் தெரியவில்லை. செட்டாப் பாக்ஸின் அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தால், அது இன்னமும் 576 கோடுகளையே அனுப்பிக்கொண்டிருந்தது. பழைய ஒயருக்காக எப்போதோ வைத்ததை யாரும் மாற்றவில்லை. அதை 1080க்கு மாற்றினேன். அதே பக்கத்தில், நொடிக்கு எத்தனை முறை படம் மாற வேண்டும் என்பதற்கு 50, 60 என்று இரண்டு எண்களும் இருக்கும். நம் ஒளிபரப்பு நொடிக்கு 50 என்ற கணக்கில் வருவது. பெட்டியை 60இல் வைத்தால் ஒவ்வொரு ஐந்துக்கும் ஒன்றை இரண்டு முறை காட்டித்தான் அது கணக்கை நேர்செய்யும். நொடிக்குப் பத்து முறை படம் இடறும். முகங்களைப் பார்த்தால் இது தெரியாது. செய்திச் சேனலின் அடியில் ஓடும் எழுத்துகளைப் பார்த்தால் தெரிந்துவிடும்: 60இல் தத்தித் தத்திப் போகிற வரி, 50இல் வழுக்கிக்கொண்டு போகும்.

இவ்வளவும் முடித்து ரிமோட்டைப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். அவர் திரையைப் பார்க்காமலேயே மூன்று எண்களை அழுத்தினார்; மங்கலான படம் வந்து நின்றது. எச்.டி. சேனலுக்கு எண் வேறு. பெரியம்மாவின் விரல் பத்து வருடங்களாகப் பழகிய எண்ணையே அழுத்துகிறது. அது பழைய தரத்துச் சேனலின் எண். அதாவது ஒயர் சரியாக இருந்திருந்தாலும், பெரியப்பா கட்டிய பணத்தில் பாதி அந்த விரலிலேயே வீணாகிப் போயிருக்கும். அவர் பார்க்கும் ஆறு சேனல்களின் எச்.டி. எண்களையும் விருப்பப் பட்டியலில் ஏற்றி, ரிமோட்டில் அதற்கான பொத்தானையும் காட்டிக்கொடுத்தேன்.

அடுத்து விளிம்பு. ஓடும் எழுத்துகளின் அடிப்பாகமும், மூலையில் இருக்கும் சேனல் சின்னத்தின் ஓரமும் சற்று வெட்டுப்பட்டிருந்தன. பழைய படக்குழாய்க் காலத்தில் படத்தின் ஓரங்கள் நேராக நிற்காது என்பதால், படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரங்களைச் சட்டத்துக்குப் பின்னால் ஒளித்துவிடுவது வழக்கம். தட்டைத் திரையில் அதற்கு ஒரு தேவையும் இல்லை. பழக்கம் மட்டும் விடவில்லை. படம் நான்கைந்து விழுக்காடு பெரிதாக்கப்பட்டால், வரும் ஒவ்வொரு புள்ளியும் திரையின் ஒரு புள்ளியில் அப்படியே போய் உட்கார முடியாமல் அத்தனையும் குழைந்துபோகின்றன. எல்.ஜி.யில் இதை நிறுத்தும் அமைப்புக்கு ஜஸ்ட் ஸ்கேன் என்று பெயர், சாம்சங்கில் ஸ்கிரீன் ஃபிட், சோனியில் ஃபுல் பிக்சல். எல்லாமே பட அளவு என்ற பகுதிக்குள்தான் இருக்கும். அங்கே போனபோதே, பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை அகலமாக இழுத்துக் காட்டும் அமைப்பையும் நிறுத்தினேன். பக்கவாட்டில் கறுப்புப் பட்டை வருகிறதே, திரை வீணாகப் போகிறதே என்று பெரியம்மா குறைப்பட்டுக்கொண்டார். கதாநாயகிகள் எல்லாரும் ஒரு சுற்றுப் பெருத்துத் தெரிவதற்குப் பட்டை இருப்பதே மேல் என்றேன். சினிமாஸ்கோப் படங்களிலும் இப்படித்தான்: 2.35க்கு 1 என்ற விகிதத்தில் எடுத்த படம் இந்தத் திரையில் 817 கோடுகளை மட்டுமே எடுத்துக்கொள்ளும். மேலும் கீழும் கறுப்பாக இருப்பது கோளாறு அல்ல.

இனி நிறத்துக்கு வருகிறேன். நான் அதிக நேரம் செலவிட்டதும், வீட்டாரின் எதிர்ப்பு வலுத்ததும் இங்கேதான். பெட்டி கடையிலிருந்து வந்த நாளிலிருந்து விவிட் என்ற நிலையிலேயே இருந்தது. இருபது தொலைக்காட்சிகள் வரிசையாக நிற்கும், விளக்குகள் கொட்டிக் கிடக்கும் ஷோரூமில் வாடிக்கையாளரின் கண்ணைப் பிடித்து இழுப்பதற்கென்றே அமைந்த நிலை அது. வீட்டுக் கூடத்தில், இரவில், அதே நிலையில் வயல்வெளி பிளாஸ்டிக் பச்சையாகவும், மாநிறத்து முகங்கள் செங்கல் நிறமாகவும் தெரிகின்றன. எல்லாவற்றிலும் மோசம் வெள்ளை. சொட்டு நீலம் கூடிப்போன வேட்டியைப் போல, வெள்ளை எல்லாம் நீலம் பாரித்துக் கிடந்தது. இரண்டுக்கும் சூட்சுமம் ஒன்றுதான்: சற்று நீலம் கலந்த வெள்ளை நம் கண்ணுக்குக் கூடுதல் வெள்ளையாகத் தெரியும். தொலைக்காட்சி செய்கிறவர்களும் கூல் என்ற பெயரில் அந்த நீலத்தைத்தான் கலக்கிறார்கள். ஆனால் எச்.டி. படங்களை உருவாக்குபவர்கள் தம் திரைகளில் வெள்ளையாக வைத்துக்கொள்வது, வெள்ளையின் சாயலை அளக்கும் கணக்கில் ஏறத்தாழ 6500 கெல்வின் என்ற வெள்ளையை. வீட்டுப் பெட்டியில் அதற்குக் கிட்டத்தட்ட ஒத்துவருவது, வார்ம் என்று குறித்திருக்கும் நிலை. வார்ம் இரண்டு இருந்தால் பெரும்பாலும் இரண்டாவது.

ஆகவே படநிலையைச் சினிமாவுக்கும், வெள்ளையை வார்முக்கும் மாற்றினேன். சில புதிய பெட்டிகளில் ஃபிலிம்மேக்கர் மோட் என்றே ஒரு நிலை இருக்கிறது. 2019இல் அறிவிக்கப்பட்ட அந்த நிலையை அழுத்தினால் இந்த வேலைகளில் பெரும்பாலானவை தாமாகவே முடிந்துவிடும். மாற்றிய உடனே பெரியப்பா, "என்னப்பா, மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கே" என்றார். உண்மையில் எவருக்கும் முதலில் அப்படித்தான் தெரியும், ஏனென்றால் கண் நீலத்துக்குப் பழகிவிட்டிருக்கிறது. மூன்று நாட்கள் அப்படியே விட்டுவைக்கும்படி கேட்டுக்கொண்டேன். நான்காம் நாள் அவர் கேட்காமலேயே விவிட்டுக்கு மாற்றிக் காட்டினேன். "ஐயோ, கண்ணு கூசுது, முன்ன மாதிரியே வை" என்றார்.

பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் என்ற இரண்டு பெயர்களும் பலரைத் தவறான வழியில் இட்டுச் செல்கின்றன. திரையின் மொத்த வெளிச்சத்தைக் கூட்டுவது பேக்லைட். இரவில் அதைத் தாராளமாகக் குறைக்கலாம். பிரைட்னஸ் என்பது பல பெட்டிகளில் கறுப்பு எவ்வளவு கறுப்பாக இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது. விளக்கை அணைத்துவிட்டு ஒரு சினிமாஸ்கோப் படத்தில் இருட்டான காட்சி ஒன்றை நிறுத்தி வைத்துக்கொள்ளுங்கள். பிரைட்னஸைக் கூட்டிக்கொண்டே போனால் மேலும் கீழும் உள்ள பட்டைகள் சாம்பல் நிறமாகும். பிறகு குறைத்துக்கொண்டே வந்து, பட்டை கறுப்பாகவும் கூந்தலில் இழைகள் தெரியும்படியும் அமைகிற இடத்தில் நிறுத்திவிட வேண்டும். கான்ட்ராஸ்டுக்கு வெயிலில் வெள்ளை வேட்டி கட்டி நிற்பவரின் காட்சி போதும்: வேட்டியின் மடிப்புகள் மறையும் வரை ஏற்றி, அவை திரும்பத் தெரியும் வரை இறக்க வேண்டும். இதற்கென்றே அளவுச் சட்டங்கள் அடங்கிய கோப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன என்றாலும், பெரியவர்களுக்கு வேட்டி மடிப்பைக் காட்டிச் சொன்னால் சட்டென்று புரிகிறது.

ஷார்ப்னஸ் என்பது இல்லாத நுணுக்கத்தை எங்கிருந்தோ கொண்டுவருவது அல்ல. விளிம்புகளைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு போடுவதுதான். செட்டாப் பாக்ஸின் பட்டியல் எழுத்துகளை உற்றுப் பார்த்தபடி, அந்த வெள்ளை நிழல் மறையும் வரை குறைத்துவிடலாம். பல பெட்டிகளில் அது சுழிக்கு அருகில் வந்து நிற்கும், சோனியில் 50தான் நடுநிலை.

இயக்கத்தை வழவழப்பாக்கும் வசதியையும் திரைப்படங்களுக்கு நிறுத்திவிட வேண்டும் என்பது என் கட்சி. நொடிக்கு 24 படங்களாக எடுக்கப்பட்ட காட்சிக்கு நடுவே பெட்டி தானாகவே படங்களை உண்டாக்கிச் செருகும்போது, பெரிய பொருட்செலவில் எடுத்த படமும் மாலை நேரத் தொடர் போலக் காட்சியளிக்கிறது. 2018 டிசம்பரில் டாம் குரூஸ், இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியுடன் நின்று, இதை அணைத்துவிடுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொள்ளும் காணொளியே வெளியிட்டார். கிரிக்கெட்டுக்கு இது வேண்டும் என்று அண்ணன் வாதாடினான். கிரிக்கெட் நொடிக்கு 50 என்ற கணக்கில் ஏற்கெனவே வழவழப்பாகத்தான் வருகிறது என்று சொல்லிப் பார்த்தேன். அவன் ஒப்பவில்லை, விட்டுவிட்டேன்.

இணையத்தில் படம் பார்க்கிறவர்கள் எடுத்திருக்கும் திட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1080க்கு நொடிக்கு 5 மெகாபிட் வேகம் வேண்டும் என்று நெட்ஃபிளிக்ஸ் சொல்கிறது. ஆனால் வேகம் நூறு இருந்தாலும், மலிவான திட்டம் 720 கோடுகளுக்கு மேல் தராது என்றால் தராதுதான்.

கேபிள் மாற்றியதற்கு மறுநாள் காலையில் பெரியப்பாவின் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் பதினான்கு மாதப் புதிர் அவிழ்ந்தது. அளவு நாடாவை வைத்துப் பார்த்தேன்: திரையிலிருந்து பதினோரு அடி. நல்ல பார்வை உள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு அளவுக்கு நுணுக்கத்தைப் பிரித்தறியும். 43 அங்குலத் திரையின் உயரம் ஏறத்தாழ 53 சென்டிமீட்டர். பதினோரு அடி தூரத்திலிருந்து அந்த உயரத்துக்குள் கண் பிரித்தறியக்கூடியது சுமார் 550 கோடுகள். மஞ்சள் ஒயர் கொண்டுவந்ததோ 576. நிறத்தின் பிசிறும் பொடிக்கட்டச் சட்டையும் தவிர, அந்த நாற்காலியிலிருந்து பார்ப்பவருக்குக் குறையாகத் தெரிய வேறு ஒன்றும் இருந்திருக்காது. 1080 கோடுகளும் கண்ணுக்கு எட்ட வேண்டுமானால் இதே திரைக்கு ஐந்தரை அடியில் உட்கார வேண்டும். இந்த அளவுத் திரையில் 4கேயின் முழு நுணுக்கத்துக்கு மூன்றடிகூட அதிகம். கடையில் இரண்டடி தள்ளி நின்று பார்த்து வியந்ததை, வீட்டில் கூடத்தின் மறுகோடியிலிருந்து பார்க்கிறோம்.

பக்கத்தில் உட்கார்ந்தால் கண் கெட்டுவிடும் என்று பெரியம்மா தடுத்தார். அசையாமல் பார்த்தால் கண் களைக்குமே தவிரக் கெடாது என்று சொல்லி, நாற்காலியை ஏழடிக்கு நகர்த்தினோம். நகர்த்திய இடத்தில், எதிர்ச்சுவரின் டியூப்லைட் திரையின் நடுவில் வெள்ளைக் கோடாக விழுந்தது. அதை அணைத்து, திரைக்குப் பின்பக்கச் சுவரில் வெளிச்சம் படும்படி ஒரு சிறிய விளக்கை வைத்தபிறகு கறுப்பு கறுப்பாகவே தெரிந்தது.

மஞ்சள் ஒயரைச் சுருட்டி எறியப் போனேன், பெரியப்பா விடவில்லை. அண்ணனின் கல்யாண டிவிடி இருக்கிறதாம், பழைய பிளேயரில் போட்டுப் பார்க்க வேண்டுமாம். அந்த பிளேயரில் எச்.டி.எம்.ஐ. துளையே இல்லை, டிவிடியில் இருப்பதும் அதே 576 கோடுகள்தான். ஆகவே ஒயரை அதற்கு மாட்டி, பட விகிதத்தை நான்குக்கு மூன்றில் வைத்துவிட்டு, ஏழடியில் உட்கார்ந்து முகூர்த்தம் வரைக்கும் பார்த்தோம்.