ஒரு செல்லிலிருந்து ஒரு காலனி வரை

முதலாண்டு மாணவர்களுக்கு நுண்ணுயிரியல் செய்முறை கற்பிக்கும் எனக்கு ஓர் உறுதியான எண்ணம் உண்டு. தூய வளர்ப்பு, அதாவது ஒரே வகை நுண்ணுயிரியை மட்டும் தனியே வளர்ப்பது, என்றால் என்ன, அது ஏன் வேண்டும் என்பது ஒரு மாணவருக்குப் புரிந்துவிட்டால், ஆய்வகத்தில் நாம் செய்யச் சொல்லும் ஒவ்வொரு செயலின் காரணமும் அவருக்குத் தானாகவே விளங்கிவிடும்.

ஒரு சிட்டிகை மண்ணிலோ ஒரு துளிக் குளத்து நீரிலோ பலவகை நுண்ணுயிரிகள் கலந்தே வாழ்கின்றன. அந்தக் கலவையைத் திரவ ஊடகத்தில், அதாவது அவை வளர்வதற்கான சத்துக் கரைசலில், இட்டால் எல்லாம் சேர்ந்து வளர்ந்து கலங்கலாகுமே தவிர, எந்த வகை எந்த வேலையைச் செய்கிறது என்று சொல்ல முடியாது. வேகவைத்து நறுக்கிய உருளைக்கிழங்கின் மேல் தனித்தனிப் புள்ளிகளாக வளர்ந்த நுண்ணுயிர்க் கூட்டங்களை, அதாவது காலனிகளை, கவனித்த ஜெர்மானிய நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோக், ஒவ்வொரு புள்ளியிலும் ஒரே வகை இருப்பதைக் கண்டார். திடமான பரப்பில் விழுந்த செல் நகர்ந்து போய்க் கலந்துவிடாது; அதன் சந்ததி முழுவதும் அங்கேயே குவிகிறது. ஆனால் நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பல உருளைக்கிழங்கில் வளர மறுத்தன. அடுத்து அவர் கையாண்ட ஜெலட்டினோ, அத்தகைய பாக்டீரியாக்களுக்குத் தேவையான 37 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். சில பாக்டீரியாக்கள் அதைச் செரித்துத் திரவமாக்கியும் விடும்.

இதற்குத் தீர்வு சொன்னவர், கோக்கின் பெர்லின் ஆய்வகத்தில் பணியாற்றிய வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே. ஜாவாவில் வாழ்ந்திருந்த குடும்ப நண்பர்கள் மூலம், செம்பாசிகளிலிருந்து எடுக்கப்படும் அகார் என்ற உறைபொருளைப் பற்றி அறிந்து, சமையலில் அதைப் பயன்படுத்தி வந்த அவர், 1881இல் ஜெலட்டினுக்குப் பதிலாக அதையே கணவருக்குப் பரிந்துரைத்தார். அகார் ஏறத்தாழ 85 டிகிரிக்கு மேல்தான் உருகும். உருகியபின் 40 டிகிரிக்குக் கீழே வரும்வரை உறையாது. அதைச் செரிக்கக்கூடிய பாக்டீரியாக்களும் மிகச் சிலவே. 1882இல் காசநோய்க் கிருமியைப் பற்றிக் கோக் வெளியிட்ட கட்டுரையில் அகார் ஒரு வரியில் இடம்பெற்றது, ஃபேனி ஹெஸ்ஸேயின் பெயர் இடம்பெறவில்லை. அதனால்தான் அவர் பெயரைச் சொல்லாமல் நான் இந்தப் பாடத்தைத் தொடங்குவதில்லை. நோன்புக் காலத்தில் நம் வீடுகளில் காய்ச்சும் கடல்பாசியும் இதே பொருள்தான்; அதற்கான செம்பாசிகளை மன்னார் வளைகுடாவில் மூழ்கிப் பறிப்பவர்களில் இராமேசுவரம், பாம்பன் பகுதிப் பெண்கள் பலர்.

ஊடகம் தயாரிப்பது எளிது. பெப்டோன் (பாதி செரித்த புரதம்), மாட்டிறைச்சிச் சாறு, உப்பு ஆகியவற்றுடன் லிட்டருக்கு 15 கிராம் அகார் சேர்த்து ஆட்டோகிளேவ் என்ற நீராவி அழுத்தக் கலனில் 121 டிகிரியில், சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில், 15 நிமிடங்கள் வைக்கிறோம். கொதிக்கவைத்தால் போதாதா என்று மாணவர்கள் கேட்பது நியாயமே. பேசில்லஸ், கிளாஸ்ட்ரிடியம் போன்ற பாக்டீரியாக்கள் உருவாக்கும், வெப்பம் தாங்கும் உறக்கநிலை வித்துகள் கொதிநீரையும் தாங்கிப் பிழைப்பதால்தான் இந்த ஏற்பாடு. இங்கே கொல்வது ஈரமான வெப்பமே; அந்த வெப்பநிலையை எட்டுவதற்குத்தான் அழுத்தம் தேவைப்படுகிறது. ஆகவே உள்ளிருக்கும் காற்றை முழுவதும் வெளியேற்றிய பிறகே வால்வை மூட வேண்டும். காற்று தங்கிவிட்டால் அளவி 15 பவுண்டு காட்டினாலும் உள்ளே 121 டிகிரி இருக்காது.

இனி ஸ்ட்ரீக் செய்தல், அதாவது மாதிரியை ஊடகப் பரப்பில் கோடுகளாக இழுத்துச் செல்களைப் பிரித்தல். என் பார்வையில் அடிப்படை ஆய்வக வேலைகளில் இதைவிட முக்கியமானது வேறில்லை. லூப் எனப்படும் வளைய நுனிக் கம்பியைச் சுடரில் சிவக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, மாதிரியைத் தொட்டு, அகார் ஊடகம் உறைந்திருக்கும் பெட்ரி தட்டின் (மூடியுள்ள தட்டையான வட்டத் தட்டின்) ஒரு பகுதியில் நெருக்கமாகக் கோடுகள் இழுக்கிறோம். மீண்டும் லூப்பைக் காய்ச்சி ஆறவிட்டு, முதற்பகுதியின் ஓரத்தை ஓரிரு முறை மட்டும் தொட்டு அடுத்த பகுதிக்கு இழுக்கிறோம். மூன்றாவது, நான்காவது பகுதிகளுக்கும் இதே முறை. இடையிடையே காய்ச்சுவதைச் சடங்காக எண்ணிப் பலர் விட்டுவிடுகிறார்கள். லூப்பில் ஒட்டியிருக்கும் எண்ணற்ற செல்களை அழித்து, முந்தைய பகுதியிலிருந்து மிகச் சிலவற்றை மட்டும் எடுத்துச் செல்வதற்கே அந்தச் சுடர். அதைத் தவிர்த்தால் நான்காம் பகுதியிலும் அடர்ந்த பூச்சே மிஞ்சும்.

தட்டைக் கவிழ்த்து வைத்தே இன்குபேட்டரில் (வெப்பநிலையைச் சீராக வைக்கும் பெட்டியில்) வளர்க்க வேண்டும். இல்லையெனில் மூடியில் படியும் நீர்த்துளி பரப்பில் விழுந்து காலனிகளைக் கலந்துவிடும். ஈ.கோலை என்ற குடல்வாழ் பாக்டீரியா உகந்த சூழலில் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். அந்த வேகம் குறையாமல் நீடித்தால் 10 மணி நேரத்தில் ஒரு செல் 100 கோடியைத் தாண்டிவிடும். மறுநாள் காலையில் கண்ணுக்குத் தெரியும் காலனி இப்படித்தான் பிறக்கிறது. இருப்பினும் சங்கிலியாகவோ கொத்தாகவோ ஒட்டியிருந்த செல்களிலிருந்தும் ஒரு காலனி தோன்றலாம் என்பதால், தனித்து நிற்கும் காலனியை எடுத்து இன்னொரு தட்டில் மீண்டும் ஸ்ட்ரீக் செய்து பார்த்த பிறகே அதைத் தூய வளர்ப்பு என்று நான் ஏற்பேன்.

எல்லா நுண்ணுயிரிகளும் இதற்கு இணங்குவதில்லை. காசநோய்க் கிருமி காலனியாகத் தெரியவே வாரக்கணக்கில் ஆகும். 1873இல் ஹான்சன் கண்ட தொழுநோய்க் கிருமியோ இன்றுவரை எந்தச் செயற்கை ஊடகத்திலும் வளர்க்கப்படவில்லை. ஆய்வாளர்கள் அதை எலியின் பாதத்திலும் ஆர்மடில்லோவின் உடலிலும்தான் வளர்க்கிறார்கள்.

செல்பேசியையும் நாணயத்தையும் தட்டில் ஒற்றி, வீட்டிலேயே வளர்த்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். என்ன வளரும் என்று நமக்கு முன்கூட்டியே தெரியாது. எனவே தட்டின் ஓரத்தை ஒட்டுநாடாவால் ஒட்டிவிட்டு, வளர்ந்த பிறகு திறக்காமல் வெளியிலிருந்தே பாருங்கள். பார்த்து முடித்ததும் குப்பையில் போட்டுவிடாமல், ஆட்டோகிளேவ் வசதியுள்ள கல்லூரி ஆய்வகம் ஒன்றில் கொடுத்து அழித்துவிடுங்கள்.