தோட்டைப் பார்த்த குழந்தை

விநாயகர் சதுர்த்தியன்று நைவேத்தியம் ஆவதற்குள் என் பேரன் ஒரு கொழுக்கட்டையை எடுத்துக் கடித்துவிட்டான். ஐந்து வயது. "சாமி கண்ணைக் குத்தும்" என்று அதட்டினேன். என் அம்மா எனக்குச் சொன்னது. நான் என் மகளுக்குச் சொன்னது. யோசிக்காமலே வாயில் வந்துவிட்டது. அன்றிரவு அவன் இரண்டு கைகளாலும் கண்களைப் பொத்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். மெல்ல விலக்கிவிட்டேன். தூக்கத்திலேயே மறுபடியும் பொத்திக்கொண்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனைச் சீர்காழிக்கு அழைத்துப் போனேன். அந்தப் பிள்ளைக்குக் காட்ட எனக்கு வேறு எந்தக் கோயிலும் தோன்றவில்லை.

கும்பகோணத்திலிருந்து காலை ரயில். சட்டைநாதர் கோயிலில் நுழைந்ததும் நேரே பிரம்மதீர்த்தக் கரைக்குப் போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டோம். கதையை அந்த இடத்தில் வைத்துத்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். பின்னாளில் தேவாரம் பாடிய திருஞானசம்பந்தர் அப்போது மூன்று வயதுப் பிள்ளை. அவரைக் கரையில் உட்கார வைத்துவிட்டு, அப்பா சிவபாத இருதயர் குளிக்க இறங்குகிறார். தண்ணீருக்குள் மூழ்குகிறார். அப்பாவைக் காணோம். பிள்ளை கோயில் சிகரத்தைப் பார்த்து "அம்மே, அப்பா" என்று அழுகிறது.

"எனக்கும் அழுகை வரும்" என்றான்.

அம்மையும் அப்பனும் விடைமேல் வந்ததையும், அம்மை பொற்கிண்ணத்தில் பால் கொடுத்ததையும் சொன்னேன். கரையேறிய அப்பா பிள்ளையின் வாயில் பால் வழிவதைக் கண்டு, சிறு கோலை ஓங்கிக்கொண்டு, "யார் கொடுத்தார்கள், காட்டு" என்று கேட்டதையும் மறைக்கவில்லை. பிள்ளை வானத்தைக் காட்டிப் பாடியது. 'தோடுடைய செவியன்' என்று முதல் வரியைப் பாடிக் காட்டினேன்.

"தோடு என்றால்?"

என் காதைத் தொட்டுக் காட்டினேன். உடனே, "நம் பாப்பாவும் அம்மா மடியில் பால் குடிக்கும்போது தோட்டைத்தான் பிடித்து இழுக்கும்" என்றான்.

ஐம்பது வருடமாக இந்தப் பதிகத்தைப் பாடுகிறேன். ஈசனின் இடப்பாகம் உமையவள், தோடு அவள் காதில் இருப்பது என்று உரை கேட்டிருக்கிறேன். சடையும் பாம்பும் இருக்க, முதலில் தோடு ஏன் என்று ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. பால் குடித்த பிள்ளையின் கண்ணுக்கு முதலில் தெரிந்தது அதுதான். எனக்குப் பேச்சு வரவில்லை; அவனைச் சேர்த்து அணைத்துக்கொண்டேன்.

மேலே பாடினேன். 'உள்ளங்கவர் கள்வன்' வந்தது. கள்வன் என்றால் திருடன் என்று சொன்னதும் அவன் முகம் மாறிவிட்டது. குரலைத் தாழ்த்தி, "சாமியையா திருடன் என்று சொன்னான்? சாமி கண்ணைக் குத்தவில்லையா?" என்று கேட்டான்.

"குத்தவில்லை, கண்ணா. சாமி யார் கண்ணையும் குத்த மாட்டார். பாட்டி அன்றைக்குத் தப்பாகச் சொல்லிவிட்டேன்."

பயமில்லாவிட்டால் பிள்ளைகளுக்குப் பக்தி வராது என்று சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் நம்பினேன். ஆனால் இந்தக் கதையில் கோலை ஓங்கியவர் மனிதர். தெய்வம் கிண்ணத்தைத்தான் நீட்டியது. சித்திரைப் பெருவிழாவில் நடக்கும் திருமுலைப்பால் வைபவத்தில் தாய்மார்கள் பாலை நிவேதித்துத் தங்கள் பிள்ளைகளுக்குப் புகட்டுவதும் அந்த நினைவில்தான்.

அந்தப் பிள்ளையின் பாட்டெல்லாம் இப்போதும் இருக்கிறதா என்று கேட்டான். 2023-ல் குடமுழுக்கு வேலைக்காக இதே வளாகத்தில் மண்ணைத் தோண்டியபோது ஐம்பொன் திருமேனிகளும், தேவாரம் பொறித்த செப்பேடுகளும் கிடைத்தன. அதைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவன் பிராகாரத்தில் காலை ஊன்றி வைக்கவே இல்லை. கீழே பாட்டு தூங்குகிறது என்று நுனிக்காலால் நடந்தான்.

கோயிலில் சிவன் மூன்று நிலைகளில் இருக்கிறார். கீழே பிரமபுரீஸ்வரர், கட்டுமலையின் நடுவே பெரியநாயகியோடு தோணியப்பர், உச்சியில் சட்டைநாதர். ஊழி வெள்ளத்தில் தோணி வந்து தங்கிய இடம் என்றதும் தோணியப்பர் முன்னால் நின்று துடுப்பைத் தேடினான். மேலே சட்டைநாதரைப் பார்க்க ஆண்கள் மேல்சட்டையைக் கழற்ற வேண்டும். அதில் அவனுக்கு ஏக சந்தோஷம்.

பிறகு ஆட்டோ பிடித்துத் திருக்கோலக்கா போனோம். பால் குடித்த பிள்ளை அடுத்துப் போய்ப் பாடிய தலம். கையால் தாளம் போட்டுப் பாடிய பிஞ்சுக் கை சிவந்துவிடுமே என்று ஈசன் பொற்றாளம் கொடுத்தார். அந்தத் தாளத்துக்கு ஓசை கொடுத்தவள் அம்மன். அவள் பெயரே ஓசை கொடுத்த நாயகி. பேச்சு வராத பிள்ளைகளை இவளிடம் அழைத்து வருவார்கள். அன்றும் ஒரு தாய் வந்திருந்தாள். இடுப்பில் பெண் குழந்தை. "மூன்று முடிந்துவிட்டது பாட்டி, இன்னும் அம்மா என்று சொல்லவில்லை" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

என் பேரன் அந்தக் குழந்தையின் முன்னால் போய் நின்று கைதட்ட ஆரம்பித்தான். அது உற்றுப் பார்த்தது. பிறகு அதுவும் தட்டியது. இரண்டும் சேர்ந்து வெகுநேரம் தட்டின. குருக்கள் தீபாராதனையைக் காட்டி முடித்துவிட்டு, தட்டோடு அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் ரயிலில் வைத்தீஸ்வரன்கோயில் வருவதற்குள் தூங்கிவிட்டான். தலை என் மடியில். கைகள் இரண்டும் பக்கத்தில் விரிந்து கிடந்தன; உள்ளங்கை இன்னும் கொஞ்சம் சிவந்திருந்தது.