அம்மம்மாட போனும் எங்கட இன்ரநெற்றும்

மூண்டு நாளா வெள்ளவத்தை வீட்டில ஒரே கூத்து. யாழ்ப்பாணத்திலயிருந்து அம்மம்மாக்கு கோல் வந்தாக் காணும், ரவுட்டரில டிஎஸ்எல் (போன் லைனில வாற இன்ரநெற்) லைற் மினுங்கி இன்ரநெற் போயிடும். அவ கதைச்சு முடிச்சு (அது லேசில முடியாது) ரிசீவரை வைச்சாத்தான் திரும்ப வரும். லைனில "ஸ்ஸ்ஸ்" எண்டு இரைச்சல் வேற. கம்பனிக்கு எடுத்தா, "ரவுட்டரை நிப்பாட்டித் திரும்பப் போடுங்கோ." அதை எத்தனை தரம் செய்யிறது!

நேற்றிரவு எல்லாப் போனையும் கழட்டிப்போட்டு ரவுட்டரை மட்டும் சுவர் சொக்கற்றில குத்தினன். இன்ரநெற் அசையாம நிண்டுது. பிறகு ஒவ்வொண்டாக் கொழுவிப் பாத்தா, அம்மம்மாட அறைப் போனுக்கு பில்டரே இல்லை!

ஒரே செப்புக் கம்பியிலதான் ரெண்டும் ஓடுது. குரல் 4 கிலோஹேர்ட்ஸுக்குக் கீழ, இன்ரநெற் 25க்கு மேல. ரெண்டையும் பிரிச்சு வைக்கிறது பில்டர் எண்ட அந்தக் குட்டி வெள்ளைப் பெட்டி. ஒவ்வொரு போனுக்கும் ஒண்டு வேணும். ரவுட்டர் வயருக்குப் போடக்கூடாது.

பில்டர் கிடந்தது அம்மம்மாட விசுக்கோத்து ரின்னுக்குள்ள, பொத்தான், நூல்கட்டையோட. பெயின்ற் அடிக்கேக்க கழட்டி வைச்சவவாம்.

"என்னத்துக்கெண்டு தெரியேல்லை, ஆனா எறிய மனம் வரேல்லை மோனை."