தங்கச்சி இடம்

சென்னை பெரம்பூர் மாதா கோயிலில் இன்று காலை இங்கிலீஷ் பூசை. பூப்போட்ட ஃபிராக், தலையில் வெள்ளை லேஸ் துணியோடு ஒரு பாட்டி. பக்கத்தில் உட்காரப் போனேன். சட்டென்று பெஞ்சில் கைப்பையை வைத்து, "அது என் தங்கச்சி இடம், மேன்" என்றார்.

தங்கச்சி மெல்போர்னில் இருக்கிறாராம்.

ரயில்வே ஒர்க்‌ஷாப், பின்னி மில் வேலைக்கு வந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இங்கே நிறைய. 1947-க்குப் பிறகு இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா என்று கிளம்பினார்கள். 1996-ல் மில்லும் மூடியாச்சு.

அதற்காகக் கூட்டமே இல்லை என்று நினைக்க வேண்டாம். தமிழ்ப் பூசைக்கு வாசல் தாண்டியும் செருப்பு கிடக்கிறது. வியாசர்பாடி பக்கம் போனால், மொட்டை மாடியில் ஷீட் போட்ட சபைகளிலிருந்து டிரம்ஸ் சத்தம்.

"விசுவாசம் குறைஞ்சுபோச்சு" என்று புலம்புகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. பாதி விஷயம் வீட்டு வாடகைதான்.

மாதவரம், மணலி என்று குடிபோன என் சொந்தக்காரர்கள் கிறிஸ்துமஸ், பெரிய வெள்ளிக்கு மட்டும் பெரம்பூர் வருகிறார்கள். மற்ற ஞாயிறுகளில் பக்கத்துத் தெருக் கோயில். பெட்ரோல் விற்கிற விலைக்கு மாதா கோபித்துக்கொள்ள மாட்டார்.